தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உளவியல் மாணவர்கள் எங்கே, எப்படித் தொண்டு செய்யலாம்?

பாலக்கோட்டு மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் சேலத்தில் உள்ள ஒரு கல்லூரியில் இளநிலை உளவியல் இரண்டாம் ஆண்டு படித்து வருகிறேன். சொந்த ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். வார இறுதிகளிலும் கோடை விடுமுறையிலும் ஊரில்தான் இருப்பேன். படிக்கும் பாடத்தோடு தொடர்புள்ள தொண்டு ஏதாவது எங்கள் மாவட்டத்திலேயே செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். உடன் படிப்பவர்களில் பலர் இணையவழி இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் சில ஆயிரம் ரூபாய் கட்டி, காணொளிகளைப் பார்த்து முடித்துச் சான்றிதழ் வாங்கிவிடுகிறார்கள். அதற்குப் பணம் கட்டும் நிலையில் எங்கள் வீடு இல்லை. பணம் இருந்தாலும், ஒரு மனிதரைக்கூடச் சந்திக்காமல் பெறும் சான்றிதழால் எனக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி இருக்கிறது.

தன்னார்வலர் தேவை என்று தேடினால் சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர் நிறுவனங்களின் பெயர்களே வருகின்றன. நம் இரு மாவட்டங்களில் யாரை அணுகுவது, இரண்டாம் ஆண்டு மாணவி எந்தப் பணியைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இன்னொரு கவலையும் உண்டு. நான் என்ன படிக்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து தெருவில் உள்ள அக்காமார் சிலர் வீட்டுக்காரரின் குடியைப் பற்றியும், மாமியார் கொடுமையைப் பற்றியும் என்னிடம் வந்து சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

கிருஷ்ணகிரி சமூகப் பணியாளர் எழுதியது:

வணக்கம் அம்மா. மனநல சமூகப் பணியாளராகப் பல ஆண்டுகள் அரசு, தனியார் இரண்டு பக்கமும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது மாவட்ட மனநலத் திட்டம். தேசிய மனநலத் திட்டம் 1982-இல் தொடங்கியது. அது மாவட்ட அளவுக்கு இறங்கி வந்தது 1996-இல். நம் இரு மாவட்டங்களிலும் இத்திட்டம் அரசு மருத்துவமனையை மையமாகக் கொண்டு நடக்கிறது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-இலிருந்து இயங்குகிறது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இரண்டு இடங்களிலும் மனநலப் பிரிவு எந்தெந்த நாளில் புறநோயாளிகளைப் பார்க்கிறது, வட்ட மருத்துவமனைகளுக்குக் குழு எந்த நாளில் வருகிறது என்பதை நேரில் சென்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கால அட்டவணையை அறிந்து வைத்திருப்பதே உங்கள் தெருவுக்கு ஒரு பெரிய உதவி. ஏனென்றால் அரசு மருத்துவமனையில் மனநலத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது என்பதே நம் கிராமங்களில் பல குடும்பங்களுக்குத் தெரியாது.

மருத்துவமனையில் மாணவர்களுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சிகிச்சை அறைக்கு உள்ளே வேலை இல்லை. வெளியே நிறைய இருக்கிறது. ஒரு புறநோயாளி நாளைக் கவனித்துப் பாருங்கள். அஞ்செட்டிப் பக்கமிருந்து ஒரு தாய், இருபத்திரண்டு வயது மகனை விடியற்காலைப் பேருந்தில் அழைத்து வந்திருப்பார். சீட்டு வாங்கும் வரிசையில் மகன் நிற்க மாட்டான். அவனை விட்டுவிட்டு இவரும் நிற்க முடியாது. மருத்துவரைப் பார்த்த பின், காலையில் அரை மாத்திரை, இரவில் ஒன்று என்று சீட்டில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல ஆள் இருக்காது. வீட்டுக்குப் போய் மாத்திரை கொடுத்து, மகன் நன்றாகத் தூங்கி, ஒழுங்காகப் பேசத் தொடங்கியதும், குணமாகிவிட்டது என்று எண்ணி நிறுத்திவிடுவார். சில மாதங்களில் நோய் மீண்டும் முற்றிய நிலையில் அதே பேருந்தில் வருவார். இப்படி மாத்திரையை இடையில் நிறுத்துவதால் திரும்பி வருகிறவர்கள்தான் என் பணிக்காலம் முழுவதும் என்னை மிகவும் வருத்தியவர்கள்.

வரிசையில் அந்த மகனோடு பேசிக்கொண்டு நிற்பது, மாத்திரை உறையில் சூரியனும் நிலவும் வரைந்து வேளையைப் புரியவைப்பது, அடுத்து வர வேண்டிய தேதியை வீட்டு நாட்காட்டியில் வட்டமிடச் சொல்வது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தை நிரப்பித் தருவது ஆகிய எல்லாவற்றையும் இரண்டாம் ஆண்டு மாணவி தாராளமாகச் செய்யலாம். குழுவில் உள்ள சமூகப் பணியாளரின் கண்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

ஓசூர் உளவியலாளர் எழுதியது:

மேலே ஐயா சொன்னது அத்தனையும் சரி. எதைத் தொடக் கூடாது என்று மாணவி கேட்டிருக்கிறார். அதைப் பற்றி நான் எழுதுகிறேன். மருத்துவ உளவியலாளர் என்று ஒருவர் சொல்லிக்கொள்ள வேண்டுமானால் உரிய மேற்படிப்பும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவும் வேண்டும். இளநிலை மாணவர் ஆலோசனை தருபவரும் அல்லர், நோயின் பெயரைச் சொல்லத் தகுதி பெற்றவரும் அல்லர். இதைச் சொல்வது உங்கள் ஆர்வத்தைக் குறைப்பதற்காக அன்று. உங்களை நம்பி வருபவர் பாதிக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டுப் போதும். மனச்சோர்வை அளவிடப் பயன்படும் பி.எச்.கியூ-9 வினாத்தாளை நீங்கள் வகுப்பில் பார்த்திருப்பீர்கள். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால், விழிப்புணர்வு முகாம் நடத்தும் கல்லூரிகள் இதை நகலெடுத்து மாணவர்கள் கையில் கொடுத்து வீடு வீடாக அனுப்பிவிடுகின்றன. ஒன்பதாவது கேள்வி, இறந்துவிடலாம் அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் அதற்கு "ஆமாம், தினமும்" என்று பதில் சொன்னால், பத்தொன்பது வயது மாணவர் அடுத்து என்ன செய்வார்? மூன்று என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனதை நான் நேரில் அறிவேன். அந்தப் பெண் தன் வாழ்நாளில் முதல் முறையாக வாய் திறந்து சொன்ன சொல்லுக்குப் பதில் கிடைக்கவில்லை. பதிலைக் கேட்ட பின் என்ன செய்வது என்று ஏற்பாடு இல்லாத இடத்தில் அந்தக் கேள்வித்தாளை எடுக்கவே கூடாது.

அதே வேளையில், தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்டாலே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று அஞ்சுவதும் தவறு. நேராகவும் கனிவாகவும் கேட்பது அப்படி விதைப்பதில்லை என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. உங்கள் தெருவில் ஒருவர் வாழ்க்கை வெறுத்துவிட்டது என்று சொன்னால், பதறாமல் கேளுங்கள்; தனியே விட்டுவிடாதீர்கள்; பூச்சிமருந்து போன்றவற்றை அவர் கைக்கு எட்டாமல் வைக்க வீட்டாரிடம் சொல்லுங்கள்; அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணை நீங்களே அழைத்து அவரிடம் கொடுங்கள். 2022 அக்டோபர் 10 முதல் இந்தச் சேவை இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். தமிழக அரசின் 104 சுகாதார உதவி எண்ணும் நமக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வதும் இதைத்தான்: பார்ப்பது, கேட்பது, உதவியோடு இணைப்பது. இந்த மூன்றையும் முறையாகப் பழகிக்கொண்டால் உங்கள் படிப்பின் இந்தக் கட்டத்துக்குப் போதும். தெரு அக்காமாருக்கும் இதே வழிதான். தீர்ப்புச் சொல்லாமல் கேளுங்கள். குடி நோய்க்கு 14446, குடும்ப வன்முறைக்கு 181 என்று எண்ணை எழுதிக் கொடுங்கள். கணவரைக் கூப்பிட்டுப் புத்தி சொல்லும் வேலையை மட்டும் ஏற்காதீர்கள்.

ரகசியம் காப்பதைப் பற்றியும் ஒரு சொல். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. நம் ஊர்களில் எல்லாரும் ஒருவகையில் உறவு. பேருந்தில் தோழியிடம் பெயர் சொல்லாமல் பேசினாலும், ஊரும் தொழிலும் போதும், பின் இருக்கைக்காரருக்கு ஆள் தெரிந்துவிடும். விதிவிலக்கு ஒன்று உண்டு. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரியவந்தால், 2012-இன் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அந்தச் சுமையைத் தனியாகத் தூக்காமல் உங்கள் மேற்பார்வையாளரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

அரூர் ஆசிரியர் எழுதியது:

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்; நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருக்கிறேன். உளவியல் மாணவர்கள் பள்ளிகளுக்கு வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ப்ளஸ் டூ தேர்வு நெருங்கும்போது, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே வயிற்றுவலி, மயக்கம் என்று வகுப்பைவிட்டு எழுந்து போகிறார்கள். பெண் பிள்ளைகளில் சிலர் தேர்வு முடிந்ததும் திருமணம் என்ற அச்சத்தோடே புத்தகத்தைத் திறக்கிறார்கள். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-இல் வந்தது. குழந்தைகள் உதவி எண்ணான 1098 எல்லாச் சுவர்களிலும் எழுதியிருக்கிறது. ஆனாலும் நம் இரு மாவட்டங்களிலும் இந்தக் கொடுமை இன்னும் ஓயவில்லை. ஒரு பிள்ளை ஆசிரியரிடம் சொல்லத் தயங்குவதை, தன்னைவிட மூன்று நான்கு வயது மூத்த, தன் ஊர்ப் பேச்சையே பேசும் ஓர் அக்காவிடம் சொல்லிவிடும். எனவே மாணவர்கள் குழுவாக வந்து, தேர்வு அச்சத்தைப் பற்றி ஒரு மணி நேரம் உரையாற்றினாலே பெரும் பயன் என்று கருதுகிறேன். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி தேவை. அந்தக் கணக்கிலும் இது சேரும்.

ஓசூர் உளவியலாளர் எழுதியது:

ஐயா சொல்லும் தேவையை நான் மறுக்கவில்லை; ஒரு மணி நேர உரையைத்தான் மறுக்கிறேன். முந்நூறு பிள்ளைகளை மைதானத்தில் உட்காரவைத்து, மூச்சை உள்ளே இழுங்கள், நேர்மறையாக எண்ணுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போவதால், வந்தவர்களுக்குப் புகைப்படம் கிடைக்கிறது, பள்ளிக்கு ஓர் அறிக்கை கிடைக்கிறது. திருமண அச்சத்தில் இருக்கும் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? உரை கேட்டு மனம் இளகி அவள் ஏதாவது சொல்ல நினைத்தால், சொல்ல வேண்டியவர் மாலைப் பேருந்தில் ஊருக்குப் போயிருப்பார். திரும்பி வருவேன் என்று உறுதி சொல்ல முடியாதவர் பிள்ளைகளிடம் மனம் திறக்கச் சொல்லக் கூடாது.

அரூர் ஆசிரியர் எழுதியது:

ஒரு நாள் உரை போதாது என்பதை ஏற்கிறேன். ஆனால் எங்கள் பள்ளியின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நகரத்துத் தனியார் பள்ளிகளில் ஆலோசகர் நாள் முழுதும் ஓர் அறையில் இருக்கிறார். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பே இல்லை. முழுமையானது கிடைக்கும்வரை எதுவும் வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. வேறு வழியாகச் சொல்கிறேன். ஜூன் முதல் டிசம்பர் வரை, இரு மாணவர்கள் சேர்ந்து, ஒரே ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டு, வாரம் ஒரு முறை வந்தால் என்ன? உரை வேண்டாம். படிப்புத் திட்டம் போடுதல், சேர்ந்து படித்தல், விளையாட்டு, கதைப் பேச்சு என்று இருக்கட்டும். பிள்ளைகள் ஏதாவது சொன்னால் வகுப்பாசிரியரிடமும் என்னிடமும் கொண்டுவரட்டும். மேற்கொண்டு செய்ய வேண்டியதை நாங்கள் செய்கிறோம். தேர்வு முடிவு நாளன்று மட்டும் அவர்கள் தொலைபேசியில் கிடைக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் எனக்கு உறக்கம் இல்லாத இரவு அதுதான்.

ஓசூர் உளவியலாளர் எழுதியது:

இப்படி என்றால் நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். மாதம் ஒரு மாலை இணையவழியில் அந்த மாணவர்களைச் சந்தித்து, அவர்கள் கேட்டவற்றைப் பெயர் இல்லாமல் கலந்து பேசவும் ஆயத்தமாக இருக்கிறேன். முடிவு நாள் பற்றி மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. அந்த இரவின் பொறுப்பை மாணவர்கள் தலையில் வைக்கக் கூடாது. அதை 104, 14416 எண்களும் ஆசிரியர்களும் தாங்க வேண்டும்.

காவேரிப்பட்டணம் தாய் எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். என் மகனுக்கு வயது பதினொன்று. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வருகிறார். நல்ல மனம் கொண்டவர். ஆனால் ஒருவரே எத்தனையோ பள்ளிகளையும் வீடுகளையும் பார்க்க வேண்டியிருப்பதால் எங்களுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. சென்ற ஆண்டு உளவியல் படிக்கும் ஒரு பெண் அவரோடு வந்தாள். பிறகு சனிக்கிழமை தோறும் தானே வரத் தொடங்கினாள்.

அவள் என்ன செய்தாள் என்று சொல்கிறேன், மாணவர்களுக்குப் பயன்படலாம். என் மகனுக்குச் சட்டைப் பொத்தான் போட வராது. நான் அவசரத்தில் எப்போதும் போட்டுவிட்டே பழகிவிட்டேன். அவள் ஒரு பழைய சட்டையை மேசைமேல் விரித்து வைத்து, பெரிய பொத்தான்களைத் தைத்து, துளைகளையும் பெரிதாக்கிக்கொண்டாள். முதலில் பொத்தானைத் துளையில் பாதி நுழைத்துவிட்டு, மீதியை இழுப்பதை மட்டும் அவனுக்கு விட்டாள். இழுத்துவிட்டான் என்றால் கை தட்டுவாள். சில வாரம் அது மட்டுமே நடந்தது; வீட்டில் மாமியார், இதற்கா இவ்வளவு தூரம் வருகிறாள் என்றுகூடக் கேட்டார். அதன் பிறகு நுழைப்பதையும் அவனிடம் விட்டாள். பிறகு சிறிய பொத்தான். பிறகு மேசைமேல் இருந்த சட்டை அவன் உடம்புக்கு வந்தது. கடைசிப் படியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் சொல்லித்தருவது பாடத்தில் உள்ள முறைதான் என்று அவள் சொன்னாள். இன்று மேல் பொத்தான் ஒன்றைத் தவிர மற்றவற்றை அவனே போட்டுக்கொள்கிறான்.

அதைவிட எனக்குக் கிடைத்தது வேறு. அவள் இருக்கும் இரண்டு மணி நேரம் நான் கடைக்குப் போய் வந்தேன். சில நாள் படுத்துத் தூங்கினேன். இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்ற தாய்மாருக்கு அந்த இரண்டு மணி நேரத்தின் அருமை தெரியும். ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். படிப்பு முடிந்ததும் அவள் வருவது திடீரென்று நின்றது. மகன் பல சனிக்கிழமைகள் வாசலில் உட்கார்ந்திருந்தான். நிறுத்துவது தவறு என்று நான் சொல்லவில்லை. அவளுக்கும் வாழ்க்கை இருக்கிறது. நிறுத்தப்போவதை ஒரு மாதம் முன்பே சொல்லி, நாட்காட்டியில் காட்டி, கடைசி நாளில் அவனிடம் விடைபெற்றுப் போயிருந்தால் அவனுக்குப் புரிந்திருக்கும்.

கிருஷ்ணகிரி சமூகப் பணியாளர் எழுதியது:

அம்மா சொன்னதைப் பாடத்திட்டத்திலேயே சேர்க்க வேண்டும். தொடங்கும் நாளிலேயே முடியும் நாளையும் குடும்பத்துக்குச் சொல்லிவிடுவது முறை. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய் எல்லாம் அதில் உள்ளன. இந்தக் குடும்பங்களுக்குச் சேர வேண்டிய உதவித்தொகை, பயணச் சலுகை ஆகியவற்றைத் தேடிக் கண்டுபிடித்து விண்ணப்பிக்க உதவுவதும் உளவியல் மாணவரின் தொண்டுதான். வட்டார வள மையம் ஒவ்வோர் ஒன்றியத்திலும் இருக்கிறது, பாலக்கோட்டிலும் இருக்கிறது.

பென்னாகரம் தன்னார்வலர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். எங்கள் பக்கத்தில் மழை பொய்த்தால் ஆண், பெண் இருவரும் பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் பாட்டி வீட்டில். சிலர் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய், கட்டடம் எழும் இடத்திலேயே தகரக் கொட்டகையில் வைத்துக்கொள்கிறார்கள், பள்ளி நின்றுவிடுகிறது. பாட்டியோடு இருக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தரும் குழுவில் நான் இருக்கிறேன். உளவியல் படித்தவர்கள் எங்களோடு வந்தால், கணக்கும் ஆங்கிலமும் நாங்கள் பார்த்துக்கொள்வோம். பேசாமல் ஒதுங்கியிருக்கும் பிள்ளையை, காரணம் இல்லாமல் அடிக்கும் பிள்ளையை, அப்பா அம்மா அலைபேசியில் அழைத்த மறுநாள் பள்ளிக்கு வராத பிள்ளையை அவர்கள் கவனித்துச் சொல்லலாம். படிப்பு இடைநின்ற பெண் பிள்ளைகளுக்கான கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளிகள் நம் இரு மாவட்டங்களிலும் உள்ளன. அங்கும் வார இறுதியில் ஆள் தேவைப்படும். ஆனால் குழந்தைகள் தங்கும் இல்லம் எதுவானாலும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் எழுத்து அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை வாட்ஸ்அப் நிலைத்தகவலில் போடுவதும் கூடாது.

போக்குவரத்துச் செலவு பற்றியும் சொல்ல வேண்டும். மாணவியருக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. ஆண் மாணவர்களின் சலுகை அட்டை வீட்டிலிருந்து கல்லூரிக்கு மட்டுமே செல்லும். எங்கள் குழுவில் சேர விரும்பி, பேருந்துக் காசு இல்லாமல் நின்றுபோன தம்பிகள் உண்டு. தொண்டு என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஏழை மாணவரிடமே செலவைச் சுமத்துவது நியாயம் அன்று. கல்லூரிகள் குறைந்தபட்சம் பயணச் செலவையும் மதிய உணவையும் தர வேண்டும்.

தளி மாணவர் எழுதியது:

நான் தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்து, கன்னடம் கேட்டு வளர்ந்து, தமிழில் படித்தவன். இப்போது முதுநிலை உளவியல் படிக்கிறேன். தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் சுற்றுவட்டாரத்தில் தொண்டு செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. இங்கே வீட்டுக்குள் பேசும் மொழி பல குடும்பங்களில் தமிழ் இல்லை. கிருஷ்ணகிரி நகரில் உருது பேசும் தெருக்கள் இருக்கின்றன. துயரத்தை மனிதர் தாய்மொழியில்தான் சொல்கிறார். நலமா என்று தமிழில் கேட்டால் நலம் என்று தமிழில் பதில் வரும், அதற்குமேல் வராது. என்னைப் போன்றவர்களை மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் மொழிபெயர்ப்புக்காவது அழைத்துக்கொண்டால், வாரம் ஒரு நாள் மகிழ்ச்சியோடு வருவேன். பத்து வயதுப் பேத்தியை மொழிபெயர்க்க வைத்து ஒரு பாட்டியிடம் குடும்பச் சண்டையைப் பற்றிக் கேட்பதைக் கண்டிருக்கிறேன். அது அந்தப் பாட்டிக்கும் நல்லதன்று, குழந்தைக்கும் நல்லதன்று.

ஓசூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெண்களையும் யாரும் மறந்துவிட வேண்டாம். தருமபுரிப் பக்கமிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கி, முறை மாற்றி இரவு வேலை பார்க்கிறார்கள். தூக்கமின்மையும் வீட்டு நினைவும் அவர்களை வாட்டுகின்றன. ஏறக்குறைய நம் வயதுதான் அவர்களுக்கு.

பாலக்கோட்டு மாணவி எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. கல்லூரி நடக்கும் மாதங்களில் சனிக்கிழமைகளில் பாலக்கோடு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரோடு செல்வது, கோடை விடுமுறையில் தருமபுரி அரசு மருத்துவமனையில் புறநோயாளிகளுக்கு உதவுவது என்று முடிவு செய்திருக்கிறேன். காவேரிப்பட்டணம் அம்மா சொன்னதுபோல், முதல் நாளிலேயே கடைசி நாளையும் சொல்லிவிடுவேன்.

இரண்டு ஐயங்கள் மீதி இருக்கின்றன. எங்கள் ஊரில் புத்தி தடுமாறியவரை முதலில் பூசாரியிடம் அழைத்துப்போய் மந்திரித்து, கயிறு கட்டுகிறார்கள். அதை வேண்டாம் என்று நான் சொல்லலாமா? அடுத்து, மருத்துவமனைக்கு எப்படிக் கடிதம் எழுதுவது?

கிருஷ்ணகிரி சமூகப் பணியாளர் எழுதியது:

பூசாரியைப் பழிக்காதீர்கள் அம்மா. பழித்தால் அந்தக் குடும்பம் உங்களைவிட்டு விலகும், மருத்துவமனையைவிட்டும் விலகும். கயிறு கையிலேயே இருக்கட்டும், மாத்திரையும் வேளைக்குப் போகட்டும் என்று சொல்லுங்கள். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தர்காவுக்கு வரும் மனநோயாளிகளுக்கு, தொழுகையும் மருந்தும் அருகருகே கிடைக்கும்படி அரசே ஏற்பாடு செய்தது இந்த எண்ணத்தில்தான். எங்கே உறுதியாக நிற்க வேண்டும் என்றால், சங்கிலி போடுவது, அடிப்பது, பட்டினி போடுவது ஆகியவற்றில்தான். 2001 ஆகஸ்டு 6 அன்று அதே ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-இன் சட்டம் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. அப்படி ஒருவரைக் கண்டால் அன்றே மாவட்ட மனநலக் குழுவுக்குச் சொல்லுங்கள். நீங்களே போய் அவிழ்க்க முயல வேண்டாம். நல்ல மனம் கொண்ட பூசாரிகள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் மருத்துவமனை நாளை எழுதிக் கொடுத்தால், அவர்களே ஆட்களை அனுப்பிவைப்பார்கள். தருமபுரி மாவட்டச் சித்திலிங்கியில் 1993 முதல் நடந்துவரும் பழங்குடியினர் நல மருத்துவமனை, உள்ளூர்ப் பெண்களையே பயிற்றுவித்துச் சுகாதாரப் பணியாளர்களாக ஆக்கியதையும் படித்துப் பாருங்கள். ஊர் நம்பும் மனிதரின் வழியாகச் செல்வது எவ்வளவு தூரம் போகும் என்பது அங்கே தெரியும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மருத்துவக் கல்லூரி முதல்வருக்கு எழுதி, மனநலத் துறைத் தலைவருக்கும் மாவட்ட மனநலத் திட்ட அலுவலருக்கும் நகல் குறிப்பிடுங்கள். உங்கள் கல்லூரித் துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் அனுமதி கிடைப்பது கடினம். அதை முதலில் வாங்குங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரத்தில் எந்த நாள்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று தெளிவாக எழுதுங்கள். வரிசையில் உதவுதல், மாத்திரை வேளையை விளக்குதல், விண்ணப்பம் நிரப்புதல் என்று செய்ய விரும்பும் பணிகளைக் குறிப்பிட்டு, நோயறிதல், ஆலோசனை, நோயாளியின் பதிவேட்டைப் பார்த்தல் ஆகியவற்றைச் செய்ய மாட்டேன் என்றும், ரகசியம் காப்பேன் என்றும் தனிப் பத்தியில் உறுதி கூறுங்கள். அதிகாரிகளின் தயக்கம் பெரும்பாலும் அந்தப் பத்தியைப் படித்தால் நீங்கும். எந்தப் பணியாளரின் மேற்பார்வையில் இருப்பேன் என்பதை அவர்களே தீர்மானிக்கக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தபாலில் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். புறநோயாளி நேரம் முடிந்த பிறகு, பிற்பகலில் நேரில் சென்று கொடுங்கள். அலுவலகத்தில் தேதியிட்ட முத்திரையோடு நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். கோடை விடுமுறைக்கு என்றால் பிப்ரவரியிலேயே கொடுத்துவிடுவது நல்லது.